ஷெர்லாக் கிளஸ்டரில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெர்லாக் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்து ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பு) புதிதாகக் கணக்கு வாங்கியவர்கள் எல்லோரும் ஜாப், அதாவது அங்கே ஓட்ட வேண்டிய கணக்கீட்டு வேலை, அனுப்பத்தான் அவசரப்படுவார்கள். அதற்கு முன்னால் கோப்புகளை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடம் மாறிப் போனால் மாதக்கணக்கில் உழைத்த முடிவுகள் திரும்பக் கிடைக்காமலே போய்விடலாம்.

படி 1: இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்களுக்கென்று தரப்படும் சேமிப்பிடமான ஹோம் 15 ஜிபி. குரூப் ஹோம் 1 டிபி. அது ஆய்வுக்குழு முழுவதற்கும் பொது. நிரல்கள், ஜாப் ஸ்கிரிப்டுகள் இந்த இரண்டில் இருக்கட்டும். ஸ்கிராட்ச் 100 டிபி, வேகமானது. ஜாப் ஓடும்போது எழுதிக் குவிக்கும் தரவெல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

படி 2: மீதி எவ்வளவு என்று பாருங்கள்

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் எஸ்ஹெச், அடிக்கோடு, கோட்டா என்று சேர்த்துத் தட்டினால் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அட்டவணையாக வரும்.

ஹோம் நிரம்பிவிட்டதா? உங்கள் நிரல்களை அழிக்கப் போகாதீர்கள். பெரும்பாலும் பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள்தான் இடத்தை அடைத்திருக்கும். மென்பொருள்களை நிறுவ உதவும் கோண்டா இறக்கி வைத்த தொகுப்புகள், அதேபோன்ற பிப் சேர்த்து வைக்கும் தற்காலிகப் பிரதிகள் (கேஷ்) எல்லாம் அங்கேதான் சேரும். டியூ கட்டளையால் ஒவ்வொன்றின் அளவையும் பாருங்கள். அப்புறம் கோண்டாவின் கிளீன் கட்டளையை ஓட்டுங்கள். நிறுவியவை அப்படியே இருக்கும், தேவையற்ற பிரதிகள் மட்டும் போகும்.

படி 3: ஸ்கிராட்சை நம்பி எதையும் விட்டுவைக்காதீர்கள்

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஸ்கிராட்சில் 90 நாட்கள் மாற்றப்படாத கோப்புகள் தானாக அழிக்கப்படும். காப்புப் பிரதியும் கிடையாது. கோப்பைத் திறந்து படித்தால் கணக்கில் வராது; டச் கட்டளையால் தேதியை மட்டும் புதுப்பித்தாலும் செல்லாது. உள்ளடக்கம் மாறியிருக்க வேண்டும். அந்த விதியை ஏய்க்க வழி தேடுவதைவிட, ஜாப் முடிந்த வாரமே தேவையான முடிவுகளை எடுத்து வைப்பதுதான் நல்லது.

படி 4: கட்டி, நகர்த்தி, சரிபார்த்து, பிறகு அழியுங்கள்

ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தனித்தனியாக நகர்த்தினால் நேரம் வீணாகும். ஸ்கிராட்ச் ஓடும் லஸ்டர் கோப்பு முறைமைக்கும் அது பெரும் சுமை. கூடவே வேலை செய்யும் மற்றவர்களையும் அது பாதிக்கும். முதலில் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டுங்கள். பிறகு ஆர்சிங்க் கட்டளை கொண்டு நகர்த்துங்கள். இடையில் இணைப்பு அறுந்தாலும் மறுபடி ஓட்டினால் போதும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றை அது தொடாது.

எங்கே நகர்த்துவது? உங்கள் குழு ஓக் சேமிப்பகத்துக்குக் கட்டணம் செலுத்தியிருந்தால் அங்கே. அதில் தானாக எதுவும் அழியாது. வெளிக் கணினிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நீங்கள் உள்நுழையும் கணினியான லாகின் நோடு வேண்டாம், தரவு மாற்றத்துக்கென்றே இருக்கும் நோடு வழியாக அனுப்புங்கள்.

போய்ச் சேர்ந்ததும் டார் கோப்பின் உள்ளடக்கப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் இருக்கிறதா? சரி, இப்போது ஸ்கிராட்சில் உள்ளதை அழிக்கலாம்.

படி 5: ஹோமில் தவறுதலாக அழித்துவிட்டால்

கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஆனாலும் ஹோமில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் புள்ளியோடு தொடங்கும் ஸ்னாப்ஷாட் என்ற ஃபோல்டர் இருக்கிறது. பட்டியல் போட்டால், மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொன்னாலும்கூட, அது தெரியாது. பெயரைத் தட்டி நேராக உள்ளே போக வேண்டும். அங்கே பழைய பிரதிகள் தேதிவாரியாக இருக்கும். வேண்டியதைப் பிரதியெடுக்கும் சிபி கட்டளையால் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.