ஒரே கடிதம், இரண்டு வேர்டு

அப்பாவின் லேப்டாப்பில் எம்எஸ் வேர்டும் இருந்தது, அதைப் போலவே கடிதம் அடிக்க உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் இருந்தது, எதில் அடிக்கிறோம் என்று அவரும் பார்ப்பதில்லை, சரி செய்ய உட்கார்ந்த நானும் முதலில் பார்க்கவில்லை. அடித்த கடிதத்தை பிரிண்ட் கடையில் திறந்தால் வரிகள் இடம் மாறிக் கிடக்கும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்புப் பெயரின் வால் பகுதியைக் காட்டச் சொன்னதும் விளங்கிவிட்டது. சிலது டாக்எக்ஸ் (வேர்டின் வடிவம்), சிலது ஓடிடி (படம் பார்க்கும் ஓடிடி இல்லை, ரைட்டரின் சொந்த வடிவம்). ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அதில் லோட்/சேவ், ஜெனரல் வரை போய், எப்போதும் டாக்எக்ஸாகவே சேமிக்கும்படி மாற்றினேன். அப்புறம் டாக்எக்ஸ் கோப்பை ரைட் கிளிக் செய்து, ஓபன் வித் வழியாக எப்போதும் வேர்டிலேயே திறக்க வைத்தேன்.

பழைய ஓடிடி கோப்புகளை ஒவ்வொன்றாக சேவ் ஆஸ் கொடுத்து மாற்றியதுதான் பெரிய வேலை. கடைக்கு மட்டும் இப்போது பிடிஎஃப்தான் போகிறது.