முதல் ஆல்பத்தைச் சொந்தமாக வெளியிடும் பேண்ட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து தமிழ் ராக் ஆல்பம் ஒன்றைச் சொந்தமாக வெளியிட இன்று ஒரு லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேசும், இரண்டு மைக்கும் போதும். கருவி போதாமல் கெடுவதைவிட அவசரப்பட்டுக் கெடுவதுதான் அதிகம்.

பதிவில் குறை இருந்தால், "மிக்ஸிங்கில், அதாவது எல்லா ஒலிகளையும் சேர்க்கும்போது, பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தகரக் கூரையில் விழும் மழை குரலோடு சேர்ந்து பதிந்துவிட்டால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. பேராக்கில் பிற்பகல் மழை சகஜம் என்பதால், குரலைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். சிமெண்டுச் சுவரின் எதிரொலியை அடக்கப் பலர் மைக்குக்குப் பின்னால் மெத்தை வைக்கிறார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக் பாடுபவரைப் பார்த்து நிற்கிறது. அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர்தான் அதன் காதில் விழும். மெத்தை அங்கேதான் நிற்க வேண்டும். 24 பிட்டில் பதிந்தால் அளவைக் கூட்டவே தேவையில்லை: உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். ஒருமுறை வெடித்த குரலுக்கு மருந்து கிடையாது.

தமிழில் பாடும் ராக் பேண்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வல்லின மெய்களின் தெளிவு ஏறக்குறைய 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கிட்டார் கூச்சலிடுவதும் அங்கேதான். கிட்டாரை இரண்டு தடவை வாசித்து இடமும் வலமும் வைத்தாலும் சொற்கள் மூழ்கக்கூடும். மேடையில் வைக்கும் கெயினை, அதாவது கிட்டாரின் கரகரப்பைக் கூட்டும் அளவை, பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கிட்டார் மெலியாது, வரிகள் மேலே வரும். பாட்டைக் கேட்டறியாத ஒருவரிடம் கார் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி, காதில் விழுந்த வரிகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றி டிரம்ஸை நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாகச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவை) அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்பும்.

நட்பு முறிவது பெரும்பாலும் பணம் வந்த பிறகு. வரி எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு தாளில் எழுதி, வெளியீட்டுக்கு முன்பே எல்லாரும் கையெழுத்திடுங்கள். பாடலும் அதன் ஒலிப்பதிவும் தனித்தனிக் காப்புரிமைகள். மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு செய்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆதாரம் வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தன்னார்வ அறிவிப்புச் செய்யலாம். பொது இடங்களில் பாட்டு ஒலித்தால் வரும் ராயல்டியைப் பெறப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், அவர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் அமைப்பான எம்ஏசிபி-யில் உறுப்பினராகச் சேரலாம். பழைய சினிமாப் பாட்டின் துண்டு உள்ளே இருந்தால், அனுமதி கையில் வராமல் வெளியிடாதீர்கள்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் அப்லோட் செய்தால் ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு முன்மொழியும் வாய்ப்பு போய்விடும். அதற்குக் குறைந்தது 7 நாள் முன்பாவது பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. பேண்ட் பெயரை எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தை மாற்றினாலும், ஒலிப்பதிவின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி குறியீட்டை (எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள்) மாற்றாதீர்கள், இல்லையென்றால் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் வேறுவேறு வீடுகளில் வையுங்கள்.