ஃபியோகுரோமோசைட்டோமா: ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் விடும் பிழைகள்

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் இந்தக் கட்டி, இரத்தக் குழாயை இறுக்கி பிரஷரை ஏற்றும் ஹோர்மோன்களான அட்ரினலினையும் நோர்அட்ரினலினையும் கணக்கில்லாமல் இரத்தத்தில் விடும். தலையிடி, படபடப்பு, வேர்வை மூன்றும் திடீர் திடீரென வந்து போகும். சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிடுகிறோம். கட்டி இருப்பது தெரியாமல் வேறொரு ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால், மேசையிலேயே பிரஷர் உயிருக்கு ஆபத்தாக ஏறலாம். ஆகவே இந்த மூன்றும் வந்து போவது கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கட்டும்.

கட்டி தெரிந்தவர்களுக்கு, அதை எடுக்கும் ஒப்பரேஷனுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு கிழமைக்கு முன்பே டொக்ஸசோசின் போன்ற அல்பா தடுப்புக் குளிசை தொடங்குவார்கள். இறுகிக் கிடக்கும் இரத்தக் குழாய்களை அது தளர்த்தும். படபடப்பை அடக்கும் புரொப்ரனலோல் போன்ற பீட்டா தடுப்புக் குளிசை தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, இறுக்கும் வழி மட்டும் மிஞ்சும். பிரஷர் எகிறும், இதயம் தளரும். படபடக்குது என்று பக்கத்து வீட்டுக் குளிசையை விழுங்குவது அதனால்தான் பொல்லாதது.

டொக்ஸசோசின் எடுப்பவருக்கு எழும்பும்போது தலைசுற்றும், மூக்கடைக்கும். மருந்து வேலை செய்வதால் வரும் மூக்கடைப்பு அது. ஆனால் தடிமன் என்று நினைத்து பார்மசியில் சூடோஎபெட்ரின் கலந்த குளிசை வாங்குகிறவர்கள் உண்டு. தளர்ந்த குழாயை அது திரும்ப இறுக்கும்! தலைசுற்றினால் குளிசையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வாந்திக்கு ஊசி போடப் போகும் இடத்திலும் கட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். மெட்டோகுளோப்ரமைட் இவர்களுக்கு ஆகாது.

உப்பு விஷயத்தில் வீட்டில் சண்டையே வரும். 'பிரஷர்காரருக்கு உப்பா?' என்று கறியில் குறைப்பார்கள். குழாய் தளர்ந்தபின் அதை நிரப்ப இரத்தத்தின் கன அளவு போதாது. அதற்காகத்தான் உப்பும் தண்ணீரும் கூட்டச் சொல்வது. இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் தாமாகக் கூட்டக்கூடாது.

கட்டியை எடுத்தாயிற்று, இனி வார்ட்டுக்கு விடுங்கள் என்று அவசரப்படுவதும் பிழை. அட்ரினலின் நின்றவுடன் பிரஷர் விழலாம். அதுவரை அடங்கியிருந்த இன்சுலின் கிளம்பி சீனியும் இறங்கலாம். நோயாளி தூங்கி விழுந்தால், மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நீங்களே முடிவு கட்டாமல் தாதியைக் கூப்பிட்டு சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் பழைய பிரஷர் குளிசைகளை அப்படியே தொடரலாமா என்பதைத் துண்டு வெட்டும்போதே கேட்டுவிடுங்கள்.