மூன்று சில்லுச் சைக்கிளுக்கு முள்ளுத் தாங்கும் ரயர்

வன்னிக் கிரவல் ஒழுங்கைகளில் சாய்ந்திருந்து மிதிக்கிற மூன்று சில்லுச் சைக்கிள் ஓடுகிறவர்கள் ரயரைப் பார்த்து எடுங்கள், ஏனென்றால் சில்லுகள் மூன்றும் மூன்று தடத்தில் போகின்றன, சாதாரண சைக்கிள் விலத்திப் போகிற நெருஞ்சியும் உடைமுள்ளும் இதில் ஏதாவதொன்றில் குத்திவிடும். நிலத்தில் படுகிற பக்கத்துக்கு உள்ளே தடித்த இறப்பர்ப் படை உள்ளதுதான் நல்லது; ஷ்வால்பே கொம்பனியின் மரதன் பிளஸ் ரயரில் அது 5 மில்லிமீற்றர். பாரம்தான், பூட்டவும் விரல் நோகும், ஆனாலும் முல்லைத்தீவு வெயிலில் நடுவழியில் நிற்பதை விட எவ்வளவோ மேல். பிறகு அளவு: 20 அங்குலம் என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் 406, 451 என்று வேறு வேறு அளவுகள் உண்டு (ரயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில்), ஒன்றுக்குரியது மற்றதுக்குப் பூட்டாது, பழைய ரயரின் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். முன் ரயர்கள் சீக்கிரம் தேய்ந்தால் அந்த இரண்டு சில்லும் நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள், தேய்ந்த ரயரில் முள் சுலபமாக ஏறும்.