ஆட்டோகேட் லேயர்கள்: மறைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், ஒரே வகைக் கோடுகளைச் சேர்த்து வைக்கும் அடுக்குதான் லேயர். அதை ஆஃப் செய்வதும் ஃப்ரீஸ் செய்வதும் ஒன்றுதான் என்று நினைப்பது பெரிய சேதத்தை உண்டாக்கும் தவறு. இரண்டிலும் கோடு திரையில் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் 'ஆல்' கொடுத்தால், ஆஃப் ஆன லேயரில் உள்ளவை தேர்வில் சிக்கும்; ஃப்ரீஸ் ஆனவை சிக்காது.

ஒரு தளத்தின் பிளானை எடுத்துக்கொள்வோம். ஃபர்னிச்சர் லேயரை ஆஃப் செய்துவிட்டு, தெரியும் பழைய கோடுகளையெல்லாம் அழிக்க எரேஸ் கட்டளையில் 'ஆல்' என்று அடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஃபர்னிச்சரும் சேர்ந்தே போய்விடும். சேவ் செய்து மூடிய பிறகுதான் தெரியவரும். இப்போது அதே லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டு, முழு பிளானையும் மூவ் கட்டளையில் 'ஆல்' கொடுத்து நகர்த்திப் பாருங்கள். சுவர்கள் நகரும், ஃபர்னிச்சர் பழைய இடத்திலேயே நிற்கும். லாக் செய்த, அதாவது திருத்த முடியாதபடி பூட்டிய லேயருக்கும் இதே கதிதான். ஆகவே மொத்தமாக எதையாவது நகர்த்துவதற்கு முன் எல்லா லேயரையும் 'தா' (Thaw) செய்து, அதாவது ஃப்ரீஸை நீக்கி, லாக்கையும் எடுத்துவிடுங்கள். மொத்தமாக அழிப்பதற்கு முன், காப்பாற்ற வேண்டியதை ஃப்ரீஸ் செய்யுங்கள். கொஞ்ச நேரம் மறைக்க ஆஃப் போதும். நீண்ட நேரத்துக்கு, அதுவும் கனமான டிராயிங்கில், ஃப்ரீஸ்தான் சரி. ரீஜென், அதாவது திரையில் டிராயிங்கை மறுபடி உருவாக்குவது, வேகமாக நடக்கும்.

பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்த்த பிளாக்குகளில் இந்த வேறுபாடு இன்னும் குழப்பும். கதவு பிளாக்கின் கோடுகள் 'கதவு' லேயரில் இருக்கின்றன, பிளாக்கைச் செருகியதோ 'சுவர்' லேயரில் என்று வையுங்கள். சுவரை ஆஃப் செய்தால் கதவு அப்படியே நிற்கும். ஃப்ரீஸ் செய்தால் கதவும் மறைந்துவிடும். கதவு லேயரில் கோளாறு என்று தேடிப் பயனில்லை. பிளாக்கின் உள்கோடுகளை 0 லேயரில் வரைந்து, பிளாக்கை அதற்குரிய லேயரில் செருகினால் இந்தத் தலைவலியே வராது. என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

அச்சுக்கான தாளை அமைக்கும் லேஅவுட்டில் நடக்கும் தவறு வேறு. மின்வேலைத் தாளில் ஃபர்னிச்சர் வேண்டாம் என்று சாதாரண ஃப்ரீஸை அழுத்தினால், மற்ற தாள்களிலிருந்தும் அது காணாமல் போகும். தாளில் டிராயிங்கைக் காட்டும் சட்டமான வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து, லேயர் மேனேஜரில் 'விபி ஃப்ரீஸ்' பத்தியில் அணைத்தால் அந்த வியூபோர்ட்டில் மட்டும் மறையும்.

எக்ஸ்ரெஃப் கோப்பின், அதாவது இணைப்பாகச் சேர்த்த வேறொரு டிராயிங்கின், லேயர்களை மறைத்து வைத்தும், ரீலோட் செய்ததும் எல்லாம் திரும்பி வருகிறதா? விஸ்ரிடெய்ன் (VISRETAIN) என்ற ஆட்டோகேட் அமைப்பின் மதிப்பு 0 ஆக இருக்கும்; அதை 1 ஆக்குங்கள்.

அச்சில் வரக்கூடாதவற்றை டெஃப்பாயிண்ட்ஸ் லேயரில் போடுவது பலரின் வழக்கம். அது டைமென்ஷன்களுக்காக ஆட்டோகேட் தானே உருவாக்கிக்கொள்ளும் லேயர். அதில் தவறுதலாக வரைந்த கோடு திரையில் தெரியும், தாளில் வராது. தனி லேயர் ஒன்று உருவாக்கி அதன் பிரிண்டர் குறியை அணைத்து வையுங்கள். பெயரைப் பார்த்ததுமே அடுத்தவருக்கும் புரியும்.

லேயர் எல்லாம் ஆனில் இருந்தும் ஒரு பொருள் தெரியவில்லை என்றால், யாரோ அதை 'ஹைட் ஆப்ஜெக்ட்ஸ்' மூலம் மறைத்திருக்கலாம். லேயர் மேனேஜர் அதைக் காட்டாது. 'எண்ட் ஆப்ஜெக்ட் ஐசோலேஷன்' கொடுத்தால் வந்துவிடும்.

லேயர்களில் கைவைக்கும் முன் எது ஆன், எது ஃப்ரீஸ் என்று இருக்கிற நிலையை லேயர் ஸ்டேட்டாக ஒரு பெயரில் சேமியுங்கள். 'மின்வேலை', 'பிளம்பிங்' என்று தாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்ஏஎஸ் (.las) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அடுத்த டிராயிங்கிலும் பயன்படுத்தலாம்.