கப்பல்ல பிள்ளையள விடுற கிளப்: புக் பண்ண முதல் பாக்க வேண்டியது

கனடா, லண்டன் சொந்தங்களோட குரூஸ் போகப் போறம் எண்டு யாழ்ப்பாணத்தில இப்ப கன பேர் வெளிக்கிடுகினம், நல்ல விசயம், ஆனா டிக்கெட் விலைய பாக்க முதல் பிள்ளையின்ர வயச பாருங்கோ. பிள்ளையள் கிளப்பில விட, ரோயல் கரீபியன் கப்பல் கம்பனியில 3 வயசும் ஆகோணும், பம்பர்ஸும் விட்டிருக்கோணும், கார்னிவல் கம்பனியில 2 வயசிலேயே எடுப்பினம், பம்பர்ஸும் மாத்தி விடுவினம். டிஸ்னி கப்பல்ல 6 மாசக் குழந்தைக்கும் நேர்சரி இருக்கு, மணித்தியாலக் கணக்கில தனிக்காசு.

அண்ணனுக்கு 6, தங்கச்சிக்கு 5 எண்டா கார்னிவல்ல வேற வேற குறூப், என்ர சின்னவள் நேர்சரி வாசல்லயே தமையன்ர சேட்ட இறுக்கிப் பிடிச்சால் விடமாட்டாள், அதால சொல்லுறன், ஒண்டா விடுவினமோ எண்டு முதலே ஈமெயில்ல கேளுங்கோ. கச்சான் ஒத்துவராத பிள்ளையெண்டா பதியேக்கயே கட்டாயம் சொல்லுங்கோ.