வேனில் எழுதிய பழைய கம்பெனிப் பெயரை அழிப்பது எப்படி

சிங்கப்பூரில் செகண்ட்ஹேண்ட் வேன் வாங்கினால் பழைய முதலாளியின் பெயரும் போன் நம்பரும் கதவோடு சேர்ந்தே வரும். முதலில் எழுத்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். தோல் மாதிரி தூக்கினால் ஸ்டிக்கர்தான், ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்துவிடலாம். தூரிகைத் தடம் தெரிந்தால் பெயிண்ட், வேலை கொஞ்சம் அதிகம்.

வண்டி தயாரிக்கும்போது அடித்த பெயிண்ட் சூட்டில் இறுகியது, கையால் எழுதிய எனாமல் வெறும் காற்றில் காய்ந்தது, அதனால் மேலே இருப்பதுதான் முதலில் இளகும். ஆனால் அந்தக் கதவுக்கே யாராவது பின்னால் மலிவாக ஸ்பிரே அடித்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, இரண்டும் சேர்ந்து கரையும். ஆகவே அதே கதவின் வெளிப்பக்கக் கீழ் ஓரத்தில் துணியில் துளி தின்னர் தொட்டுத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் தின்னர் வேண்டவே வேண்டாம்.

வெயிலில் நின்ற வண்டியில் கை வைக்காதீர்கள், தகடு கொதிக்கும்போது எது ஊற்றினாலும் உடனே காய்ந்துவிடும். காற்றோட்டமான நிழலில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு, டர்பன்டைனில் நனைத்த துணியை எழுத்தின் மேல் சில நிமிடம் ஒட்டி வைத்து, இளகியதைப் பழைய ஈஸி-லிங்க் (பஸ், ரயில்) கார்டின் விளிம்பால் தள்ளுங்கள். அசையவில்லையா? அப்புறம்தான் தின்னர், அதுவும் ஒவ்வொரு எழுத்தாக, துடைத்த கையோடு சோப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டே. ரப்பர், பம்பர், விளக்கு மேல் பட விடாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் வேண்டாம், அது மேல் பெயிண்ட், கீழ் பெயிண்ட் என்று பார்க்காது. மிச்சத்தை வடிகாலில் ஊற்றாதீர்கள், மழைநீரோடு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.

காலி எடை, அதிகபட்ச எடை, எத்தனை பேர் ஏறலாம் என்ற சின்ன எழுத்துகளை விட்டுவிடுங்கள், அவை சட்டப்படி இருக்க வேண்டியவை.

எல்லாம் போன பிறகும் பெயர் மங்கலாகத் தெரியும். அது அழுக்கில்லை, சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்ததால் வந்த வித்தியாசம். ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை), பிறகு பாலிஷ் போட்டால் பெரும்பாலும் குறையும், முழுக்கப் போவது அதிர்ஷ்டம். பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் வழக்கமாக 40–50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான்), துணியில் வண்டி நிறம் வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம், நிறுத்துங்கள் (கிளியர் கோட் இல்லாத வெள்ளை வேனில் வெள்ளை வருவது சகஜம்). அதற்கு மேலும் தெரிந்தால் அந்த இடத்திலேயே உங்கள் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டுங்கள், கதவுக்கு ஸ்பிரே அடிப்பதைவிட மலிவு. வண்டிக்கே வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பதிவிலும் மாற்ற வேண்டும்.